சக்கரத்தின் முதுகு

எளாவூர் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தைவிட நல்ல கண்காட்சி திருவள்ளூர் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து வேறு கிடையாது. டிக்கெட் இல்லை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம். முன் சக்கரத்தின் டிஸ்க் வெளியே பிதுங்கி நிற்கும், பத்து நட்டும் கைக்கெட்டும் தூரத்தில். அப்படியே கண்ணைப் பின்னால் ஓட்டினால், பின்பக்கத்து வெளிச் சக்கரம் குழிந்து உள்ளே போயிருக்கும். நட்டுகள் பள்ளத்தின் அடியில் கிடக்க, நடுவில் ஹப் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே டிஸ்க்தான், ஒன்றைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். ஸ்டெப்னியைக் கழற்றி எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஏற்றலாம். உங்களுக்கும் தெரிந்த சங்கதிதான். எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப் ஒட்டும் முகம் தள்ளி நிற்கும் தூரம், பற்றிப் பேச்செடுத்தாலே நம் ஆட்கள் ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் போய்விடுகிறார்கள். லாரியின் இரும்பு டிஸ்க்கை யாரும் மதிப்பதில்லை. கறுப்பாகவோ வெள்ளியாகவோ ஒரு பெயின்ட், விரல் நுழையும் ஓட்டைகள், ஓரத்தில் துரு. இதில் என்ன அழகு என்பார்கள். நான் சொல்வேன், ஆஃப்செட் என்ற கணக்கை இவ்வளவு சுத்தமாகப் போட்டுக் காட்டிய பொருள் சாலையில் வேறு இல்லை.

பாடியில் இருக்கிற வீல்ஸ் இந்தியாவின் டிஸ்க்தான் என் கட்சி. டி.வி.எஸ். குழுமம் 1960-இல் தொடங்கிய கம்பெனி. பாடி இப்போது சென்னை மாவட்டக் கணக்கில் போய்விட்டது. 2018 வரை அம்பத்தூர் வட்டத்தோடு அது நம் மாவட்டம்தான், அந்த உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை. லாரி டிஸ்க் செய்கிற முறையிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கனத்த இரும்புத் தகட்டை உருளைகளுக்கு நடுவே சுழலவிட்டு இழுத்துக் கிண்ணமாக்குவார்கள். ஹப்பில் உட்காரும் நடுப்பகுதி கனமாகவே நிற்க, ஓரத்துக்குப் போகப் போகத் தகடு மெலிந்துகொண்டே வரும். சுமை எங்கே குவிகிறதோ அங்கே இரும்பு. தேவையில்லாத இடத்தில் எடை இல்லை. பிறகு அந்தக் கிண்ணத்தை ரிம்முக்குள் பிரஸ் வைத்து அழுத்துவார்கள். எவ்வளவு ஆழத்தில் நிறுத்துகிறார்களோ அதுதான் ஆஃப்செட். அங்கேயே சுற்றி வெல்டு அடித்துவிட்டால் அந்த டிஸ்க்கின் ஜாதகம் எழுதியாயிற்று. புது டிஸ்க் ஒன்று கிடைத்தால் கவிழ்த்துப் போட்டு அந்த வெல்டு வரியை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். நல்ல கையில் பிறந்த டிஸ்க்கில் வெல்டு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் எது என்று விரலுக்குத் தெரியாது.

10.00-20 டயருக்கு வரும் ஏழரை அங்குல ரிம்மில் ஆஃப்செட் ஏறத்தாழ 165 மி.மீ. கார்க்காரர்கள் காதுக்கு இது பைத்தியக்காரத்தனமான எண்ணாகப் படும். அவர்கள் 35, 40 என்று பேசிப் பழகியவர்கள். அந்த 165-தான் மூன்று இடத்தில் மூன்று வேலை செய்கிறது. முன் அச்சில், ஹப்பும் பிரேக் டிரம்மும் கிங்பின்னும் சக்கரத்தின் குழிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. டயரின் நடுக்கோடு கிங்பின்னை ஒட்டி வருவதால் ஸ்டீயரிங் கைக்கு இளகும். பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்தில் பத்து டன் சரக்கோடு கவரைப்பேட்டைச் சந்தில் வண்டியைத் திருப்பியவர்களுக்கு இதன் அருமை தோளில் தெரிந்திருக்கும். பின்னால் உள் சக்கரத்தில் அதே குழி, பெரிய டிரம்மை மூடிக்கொள்கிறது. வெளிச் சக்கரம் மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. இங்கே பிளஸ் 165, அங்கே மைனஸ் 165. இரண்டு டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 330 மி.மீ.

10.00-20 டயரின் அகலம் சுமார் 280. ஆக, இரண்டு டயருக்கும் நடுவே இரண்டு அங்குலக் காற்று. சரக்கு ஏறியதும் டயர் அடிவயிறு பிதுங்கும், அந்த இரண்டு அங்குலமும் குறையும். அதையும் எண்ணித்தான் அந்த இடைவெளியை விட்டிருக்கிறார்கள். அதே டிஸ்க்கில் ஆசைப்பட்டு 11.00-20 ஏற்றினால் காற்று நாலு சென்டிமீட்டருக்குக் கீழே போகிறது. ஒரு டயரில் காற்று குறைந்தால் போதும், பக்கச் சுவர்கள் உரசிச் சூடேறும். தச்சூர் கூட்டுரோடு தாண்டித் தார் ரோட்டோரம் கிழிந்து கிடக்கும் ரப்பர்ப் பட்டைகளில் எத்தனை அப்படிச் செத்தவையோ.

நான் திரும்பத் திரும்பப் பார்த்து ரசிப்பது இதைத்தான்: உள் டயர் ஒரு பக்கம் இழுக்க, வெளி டயர் மறுபக்கம் இழுக்க, பாரம் நேராக இரண்டு டிஸ்க்கும் முகத்தோடு முகம் ஒட்டுகிற கோட்டில் இறங்குகிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் கோணல். ஜோடியாக நின்றால் ஹப்புக்கு ஆஃப்செட் பூஜ்யம்.

நெடுஞ்சாலையோரம் முன்பு ஒரு டயர்க்காரர் இருந்தார். வெளிச் சக்கரத்தை ஏற்றுவதற்கு முன் இரண்டு டிஸ்க்கையும் நிறுத்தி முகம் சேர்த்து வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பார். இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தாலும் இறக்கிவிடுவார். பெரும்பாலும் அதற்குக் காரணம் பெயின்ட். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை டிஸ்க்குக்கு வண்ணம் அடிக்கும்போது ஒட்டுகிற முகத்தின் மீதும் சேர்த்து அடித்துவிடுவார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பெயின்ட் ஓட்டத்தில் நசுங்கும், நட்டு இறுக்கம் தளரும், ஸ்டட் வெட்டும். அவர் கம்பி பிரஷ் போட்டு இரும்பு தெரியத் தேய்த்துவிட்டுத்தான் மாட்டுவார். மாட்டிய பிறகும், "அம்பது கிலோமீட்டர் போனதும் ஒருக்கா நட்டு பாத்துக்கோண்ணே" என்று சொல்லாமல் அனுப்பமாட்டார். இப்போது ஏர் கன்னை வைத்து ‘டர்ர்’ என்று ஒரு சத்தம், அடுத்த வண்டி.

சரி, பிக்கப்புக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு தொழிற்சாலை ஓடுகிறது. அங்கிருந்து வெளியே வந்த வி-கிராஸ் வண்டிகள் நம் பக்கம் நிறையப் புழங்குகின்றன. சிப்காட் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வாங்கிய மறுமாதமே கம்பெனி வீலைக் கழற்றுகிறார்கள். ஆறு ஓட்டை, அவை நிற்கும் 139.7 மி.மீ. வட்டம், இரண்டும் பொருந்தினால் போதும். அதற்கு மேல் கேள்வி கிடையாது. வேண்டியது ‘டீப் டிஷ்’. குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு கெத்து.

குழி எனக்கும் பிடிக்கும் என்பது இவ்வளவு நேரம் படித்தவர்களுக்குத் தெரியும். என் சச்சரவு அதன் மீதில்லை. கணக்கைப் பாருங்கள். கம்பெனி வீல் ஏழு அங்குலம், பிளஸ் 33 என்று வைத்துக்கொள்வோம், பேக்ஸ்பேசிங், அதாவது பின் விளிம்பிலிருந்து ஹப் ஒட்டும் முகம் வரையான ஆழம், 5.3 அங்குலம் வரும். புதிதாக வாங்கியது ஒன்பது அங்குலம், மைனஸ் 12, பேக்ஸ்பேசிங் 4.5. வெளி விளிம்பு 70 மி.மீ. மட்கார்டைத் தாண்டும் திசையில் நகர்ந்துவிட்டது. அதைவிட முக்கியம், டயரின் நடுக்கோடு 45 மி.மீ. வெளியே போய்விட்டது. ஹப் பேரிங்கின் மீது பாரம் இப்போது நெம்புகோல் வைத்து இறங்குகிறது. ஒரு பக்கத்துச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் முகர்ந்து பார்க்கும். லாரியின் வெளிச் சக்கரம் மைனஸ் 165-இல் நிம்மதியாக ஓடுவதற்கு உள்ளே ஒரு ஜோடி இருக்கிறது. இவர்கள் ஜோடியை வீட்டில் விட்டுவிட்டுக் குழியை மட்டும் கொண்டுவருகிறார்கள்.

அகல டயர் போட்டால் உள்ளே சஸ்பென்ஷன் ஆர்மில் உரசுமே, பேக்ஸ்பேசிங்கைக் குறைக்காமல் எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உரசாத அளவுக்குக் குறைத்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து மில்லிமீட்டரில் முடிகிற காரியம். உரசலைத் தீர்க்க வேண்டும் என்று தொடங்கி 45-இல் போய் நிற்கிறவர் உரசலுக்காகப் போகவில்லை. அப்படி வெளியே தள்ளிய டயர் முழு ஸ்டீயரிங் ஒடித்தால் மட்கார்டின் உள் ஓரத்தில் உரசுகிறது. பிறகு அதையும் வெட்டுகிறார்கள்.

அலுமினியக் கட்சியோடு எனக்குச் சண்டை குறைவு. அடித்து உருவாக்கிய அலுமினிய லாரிச் சக்கரத்தை அல்கோவா 1948-இலேயே கொண்டுவந்துவிட்டது. எடை கணிசமாகக் குறைகிறது, பளபளக்கிறது. நம் தேர்வாய்கண்டிகை சிப்காட்டிலேயே பாடிக்காரர்கள் வார்ப்பு அலுமினிய வீல் செய்கிறார்கள். நல்ல சரக்கு. என்றாலும் அலுமினிய வீலில் நான் தேடும் அந்த மெலிந்துபோகும் தகடு இல்லை, வெல்டு வரி இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கிறது; பார்த்தால் என் முகம்தான் தெரிகிறது.

எரிச்சல் மூட்டுவது ஸ்பேசர். இரண்டு அங்குல அலுமினிய வட்டம் ஒன்றை ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே சொருகுவது. ஹப்பின் உதட்டில் வீல் உட்கார்ந்து மையம் பிடித்த காலம் போய், ஸ்டட்டுகளே எல்லாவற்றையும் தாங்குகிற நிலைமை. நடு ஓட்டை சரியாகப் பொருந்தாத ஸ்பேசர் எண்பதில் நடுங்கும். வீல் பாலன்ஸ் செய்தோம் சார், அலைன்மென்ட் பார்த்தோம் சார் என்று கடைக்காரர் ஈயத் துண்டுகளை ஒட்டிக்கொண்டே போவார். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இந்த ஜில்லாவின் பெரிய கடை ஒன்றில் அப்படித்தான் மாட்டிவிட்டார்கள். கடைப் பெயர் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன அளவுகளை மாற்றக்கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. சட்டத்துக்குப் பயந்து யாரும் வீல் வாங்குவதில்லை. வாங்கும்போது அளந்து வாங்கினால் போதும் என்பது என் கட்சி.

அளப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. டயர் ஏற்றாத வீலைத் தரையில் முகம் கவிழ்த்து வையுங்கள். பின் விளிம்பின் மீது ஒரு நேர்ச்சட்டம். சட்டத்திலிருந்து ஹப் ஒட்டும் முகம் வரை டேப் பிடித்தால் பேக்ஸ்பேசிங். கழற்றிய பழைய வீலையும் அதேபோல அளந்து இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். வீலின் மேல் அச்சடித்த அகலம் டயர் உட்காரும் இடத்து அளவு. விளிம்போடு சேர்த்தால் ஒரு அங்குலம் கூடும், அதைக் கணக்கில் விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

ரெட்ஹில்ஸிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எந்தக் கடைக்குப் போனாலும், பணத்தை எடுப்பதற்கு முன் வீலைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டையை எண்ணிவிட்டு "பொருந்தும் சார்" என்று மட்டும் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். அடுத்த கடையைப் பாருங்கள்.