லயத்துக்கு வேர் எங்கே?

கோத்தா திங்கி வட்டாரத்து மாணவி ஒருத்தி கட்டுரைப் போட்டிக்கு எழுதிய தாளொன்று அண்மையில் என் கைக்கு வந்தது. "எங்கள் பாட்டி லயத்தில் பிறந்தவர்" என்று தொடங்கியிருந்தாள். திருத்தியவர் யாரென அறியேன். 'லயத்தில்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'இல்லத்தில்' என்று மேலே எழுதி, அரை மதிப்பெண்ணும் குறைத்திருந்தார். அரை மதிப்பெண் போனது பெரிதன்று. போன சொல் பெரிது. அச்சொல்லின் வரலாற்றைத் தமிழாசிரியர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லயம் என்பதற்கு நம்மிடையே மூன்று வேர்கள் வழங்குகின்றன. குதிரை கட்டும் 'லாயமே' குறுகி லயமாயிற்று என்பது ஒன்று. 'ஆலயம்' தலை இழந்து லயமாயிற்று என்பது மற்றொன்று. இதைச் சொன்ன நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார் என்பதையும் குறித்தல் வேண்டும். ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பது மூன்றாவது.

முதற் கருத்துக்கே ஆதரவு மிகுதி. ஒரே கூரை, ஒரே நீளத் திண்ணை, தடுத்துத் தடுத்து அறைகள். அங்கு வாழ்ந்தவர்க்குத் தம்மைக் குதிரைகளோடு வைத்து எண்ணிய கசப்பு எழுந்ததில் வியப்பில்லை. ஆயினும் கசப்பு வேறு, வேர் வேறு. தமிழர் லாயத்தைக் குறுக்கி வழங்கியதற்குச் சான்றில்லை. குதிரை லாயம் இன்றும் லாயமாகவே நிற்கிறது. மேலும், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர்த் தோட்டத்திலும் இதே சொல் இதே பொருளில் வழங்கியது. இரண்டிடத்தும் பொதுவாக இருந்தது குதிரையன்று, ஆங்கிலத் துரை. அவர் தம் கணக்கேட்டில் அவ்வீடுகளைக் 'கூலி லைன்ஸ்' என்றே எழுதிவந்தார்.

இனி 'லைன்' என்பதன் பிறப்பைக் காண்போம். இலத்தீனில் 'லீனும்' என்றால் ஆளிச்செடி. நம் கடைகளில் ஆளிவிதை விற்கிறார்களே, அதே செடி. அதன் நாரில் திரித்த நூல் 'லீனெயா'. கயிறு என்னும் பொருளில் இச்சொல் பழைய ஆங்கிலத்திலேயே புகுந்திருந்தது. பின்னர் பிரெஞ்சு வழியாக மறுமுறையும் வந்து கோடு, வரிசை, மரபுவழி என்ற பொருள்களைக் கூட்டிற்று. தூண்டிற்கயிறும் லைன், செய்யுளின் அடியும் லைன், ஒருவர் செய்யும் தொழிலும் லைன். தையற்காரர் சட்டைக்குள் வைக்கும் லைனிங் துணிக்கும் வரிசைக்கும் உறவு யாது என மாணவர் கேட்பதுண்டு. நேர் உறவு இல்லை. ஆளிநார்த் துணியாகிய லினனை உள்ளே வைத்துத் தைத்ததனால் வந்த பெயர் அது. தாய் ஒருத்தி, வழி வேறு.

இந்தப் பொருள் வளர்ச்சி தமிழர்க்குப் புதிதன்று. நம் 'நூலும்' பஞ்சில் தொடங்கி, தச்சன் மரத்தின் கோணலைக் காண அடிக்கும் கயிறாகி, மனக்கோணலைத் தீர்க்கும் ஏடாயிற்று. நன்னூலார் கூறும் உவமையை ஆசிரியர்கள் அறிவர். கொத்தனார் இன்றும் நூல் பிடித்தே சுவர் எழுப்புகிறார்.

வரிசை என்னும் பொருளிலிருந்து குடியிருப்பு என்னும் பொருள் பிறந்தது படைமுகாமில். இந்தியாவில் சிப்பாய்களின் கூடாரங்களும் குடில்களும் நேர்வரிசையில் நின்றமையால் அவை 'லைன்ஸ்' எனப்பட்டன. வட இந்திய நகரங்களில் 'சிவில் லைன்ஸ்' இன்றும் உண்டு. நமக்கு அருகே சிங்கப்பூரில் 'சிப்பாய் லைன்ஸ்' இருந்தது. பொது மருத்துவமனை 1882இல் அங்கே குடிபெயர்ந்தது. சீனர் அந்த இடத்தைச் 'சி பாய் போ' என்று தம் நாவுக்கேற்ப அழைத்தனர். ஆக, படைவீரனுக்கு இட்ட பெயரைத் தோட்டத் தொழிலாளிக்கும் இட்டனர். 'கூலி லைன்ஸ்' என்ற தொடரின் முற்பகுதி தமிழ்க் கூலியோ, குசராத்துக் கோலி என்னும் இனப்பெயரோ என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பிற்பகுதியில் ஐயமில்லை.

லைன் எவ்வாறு லயம் ஆயிற்று? இங்கேதான் நம் மக்களின் இலக்கண அறிவை வியக்கவேண்டியிருக்கிறது. அகரமும் யகர மெய்யும் சேர்ந்தால் ஐகாரம் போல ஒலிக்கும் என்பது விதி. அதன்படி லைன், 'லய்ன்' ஆயிற்று. தமிழ்ச் சொல்லின் ஈற்றில் இரு மெய்கள் இவ்வாறு இணைந்து நில்லா. எனவே இடையே அகரம் புகுந்து 'லயன்' ஆயிற்று. அறம் அறன், நிலம் நிலன் என அஃறிணைப் பெயர்களில் ஈற்று மகரமும் னகரமும் மயங்கும். அந்தப் பழக்கத்தாலே லயன், லயம் ஆயிற்று. ஈற்றில் மகரம் வந்தபின் வேற்றுமை ஏற்கும்போது அத்துச் சாரியை தானே வந்து சேர்ந்தது: லயத்தில், லயத்துக்கு, லயத்துப் பிள்ளைகள். பால்மரம் வெட்டிய கைகள் நன்னூலைப் புரட்டியிரா. ஆனால் அந்தச் சாரியை பிழையின்றி விழுந்திருக்கிறது! மாணவி எழுதிய 'லயத்தில்' என்ற வடிவம் இலக்கணப்படி குறையற்றது. லகரம் மொழிமுதல் வாராதென்று 'இலயம்' என எழுதுவாரும் உளர். அவர் அருள்கூர்ந்து சங்கீதத்தையும் நினைவிற்கொள்க.

மலையகத்தில் 'லயக் காம்பிரா' என்றொரு தொடர் உண்டு. லயம் ஆங்கிலத்தின் வழி வந்தது. காம்பிரா போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றது. உள்ளே வாழ்ந்தவர் தமிழர்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. தோட்டத்தில் செடிகளும் வரிசையாக நின்றன. வீடுகளும் வரிசையாக நின்றன. செடி வரிசைக்கு நம்மவர் ஆங்கிலச் சொல்லை நாடவில்லை, 'நிரை' என்றனர். ஆநிரை என்றும் நேரசை நிரையசை என்றும் நாம் வகுப்பில் கற்பிக்கும் பழஞ்சொல் அது. வீட்டு வரிசைக்கு மட்டும் அன்னியச் சொல்லே நின்றது. ஏன்? நாற்றை நிரையாக நட்டுப் பழகியவர் அவர். பத்துக் குடும்பம் ஒரே கூரையின்கீழ் அடுக்கப்பட்ட இடத்தை இல்லம் என்றோ மனை என்றோ அழைக்க அவருக்கு நா எழவில்லை என்றே நான் கருதுகிறேன். இது என் ஊகமே. ஆயினும் 'இல்லம்' என்று திருத்திய ஆசிரியர் இதைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். இல்லாத ஒன்றை அந்தப் பாட்டிக்கு அவர் பேனாவால் கட்டிக்கொடுத்துவிட்டார்.

1938இல் உதவிபெற்ற தொழிலாளர் வரவு நின்றது. 1966இல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்துச் சட்டம் வந்தது; 1990இல் அதற்கு மாற்றாக வேறொரு சட்டம் இயற்றினர். ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை ஏறியது. லயங்கள் பலவிடத்தும் இடிந்தன. மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். வீடு போனபின் அதன் பெயர் குழந்தைகளின் கட்டுரையில்தான் எஞ்சியிருக்கிறது. கோட்டை இல்லாத இக்காலத்திலும் நம்மூர் 'கோத்தா' என்றே வழங்குகிறது. மலாயில் அதன் பொருள் கோட்டை. 'கோட்டை எங்கே?' என்று கேட்டு அப்பெயரை எவரும் அடிக்கவில்லை.

அந்த மாணவியின் பாட்டியைப் பின்னர் ஒருநாள் கண்டேன். மகனுக்குக் கைப்பேசியில் பேச முயன்று, "லைன் கெடைக்கல ஐயா" என்றார். உடனே, "லயத்துல இருந்தப்போ கூப்பிட்ட குரலுக்குப் பத்து வீட்டு ஆளும் வரும்" என்றார். ஒரே ஆளிநூல் அவர் வாயில் இரண்டாகப் பிரிந்து, இரண்டும் முடிச்சின்றி ஓடியது.