துருத்தி சுற்றியவள்

பெற்றுக் காப்பது தன் கடன், வேல் வடிப்பது கொல்லன் கடன் என்கிறாள் பொன்முடியாரின் தாய் (புறநானூறு 312). கொல்லனுக்குத் துருத்தி ஊதியது யார்?

சேரம்பாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா, வீட்டுப் பின்புறக் கொட்டகையில் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சிக் கவ்வாத்துக் கத்தி அடிப்பார். துருத்திச் சக்கரம் சுற்றுவது நான், சம்மட்டி தம்பிக்கு. எந்தச் சிவப்பில் இரும்பை எடுக்கணும் என்று எனக்குத்தான் முதலில் தெரியும். கேட்க ஆளில்லை.

அதனால் எனக்கு ஔவையாரின் 95-ஆம் பாட்டே நெருக்கம். தொண்டைமானின் நெய் பூசிய வேல்களைப் பார்த்தவர், அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடப்பதைச் சொல்கிறார். வஞ்சப்புகழ்ச்சி என்று நானும் வகுப்பில் நடத்தி முடித்தவள்தான். பட்டறைக்குள் பார்த்த பெண்ணின் கண் அது என்று இப்போதுதான் சொல்லித் தருகிறேன்.

சென்ற விடுமுறையில் சம்மட்டியை நான் எடுத்தேன். கத்தி கோணல். அம்மா அதில்தான் விறகு சீவுகிறாள்.