பதில் சொல்ல இடமில்லாத வாசல்

இண்டர்பிளே 1997இல் வெளியிட்ட ‘ஃபால்அவுட்’ கணினி விளையாட்டை இன்றும் முக்கியமான அரசியல் பிரதியாகவே வாசிக்கிறேன். அணுப்போருக்குப் பிந்தைய கலிஃபோர்னியா, ஆண்டு 2161. பதின்மூன்றாம் நிலவறையில் தண்ணீருக்கான சில்லு பழுது. மாற்றுச் சில்லு தேட, 150 நாள் கெடுவோடு என்னை வெளியே அனுப்புகிறார்கள்.

மனிதரையெல்லாம் ஒற்றை இனமாக உருமாற்றி வேற்றுமையை ஒழிக்க முனையும் ‘மாஸ்டர்’தான் எதிரி. அந்த இனத்துக்குப் பிள்ளைப்பேறு கிடையாது என்று சான்றோடு நிறுவினால் அவன் தன்னையே அழித்துக்கொள்கிறான். துப்பாக்கி வேண்டாம், வாதம் போதும்.

வேலை முடித்துத் திரும்பினால்? இளசுகள் உன்னைப் பார்த்துக் கிளம்பிடும், உள்ளே வராதே என்கிறார் நிலவறைத் தலைவர். வழிநெடுக எனக்குப் பேச்சுத் தெரிவுகள் தந்த விளையாட்டு, இங்கே ஒரு வரிகூடத் தரவில்லை. எதிரியோடு வாதாடலாம்; காப்பாற்றிய கூட்டத்தோடு முடியாது. வெளிக்காற்றுப் படாமல் தன்னைக் காக்கிற அமைப்பு எதுவானாலும் இப்படித்தானே? நம்ம இயக்கங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.