சொற்பட்டியலும் சைகை உரைபெயர்ப்பும்

1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்து, பிறகு மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன், ஆங்கில மருத்துவத்தைத் தமிழுக்குக் கொண்டுவர முதலில் கலைச்சொற்களைத் திரட்டினார். அவருடைய 'இரண வைத்தியம்' என்ற நூல் 1867இல் அச்சேறியது. சொல் கைக்கு வந்தால் துறையும் வசப்படும் என்ற அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

சைகை மொழி உரைபெயர்ப்பாளராக விரும்புவோரும் பெரும்பாலும் அதே வழியில்தான் தொடங்குகிறார்கள். வலி, காய்ச்சல், சாட்சி, பிணை என ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கைக்குறியை மனனம் செய்வது பயனற்ற வேலையல்ல. பயத்தைப் போக்கும், ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

ஆனால் அந்தக் குறிகளைத் தமிழ் வாக்கியத்தின் வரிசையில் அடுக்கினால் அது சைகை மொழி ஆகிவிடாது. சைகை மொழிகளுக்குத் தனி இலக்கணம் உண்டென்பதை அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து வில்லியம் ஸ்டோக்கி 1960இலேயே காட்டத் தொடங்கினார். 'அம்மா தம்பிக்குக் காசு குடுத்தவ' என்பதில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை வேற்றுமை உருபு சொல்கிறது. பல சைகை மொழிகளில் அதைச் சொல்வது கை நகரும் திசை. அம்மாவுக்கு ஓரிடம், தம்பிக்கு ஓரிடம். கை ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும். நீதிமன்றத்தில் திசை மாறினால் கொடுத்தவர் வாங்கியவராகிவிடுவார். முகமும் இலக்கணத்தில் சேர்த்தி. 'மருந்து எடுத்தனீங்களோ?' என்று வைத்தியர் கேட்கையில் புருவம் உயராவிட்டால் கேள்வி வெறும் கூற்றாகும். பட்டியலில் புருவத்துக்கு இடமில்லை.

பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளர் இல்லாத இடத்தில் செவிப்புலனற்ற நோயாளியின் தங்கையோ தாயோதான் துணைக்குப் போகிறார். வீட்டுச் சைகை அவருக்கு அத்துப்படி; நோயாளியின் பதற்றமும் குறையும். ஆயினும் கேள்வி நோயாளியின் கண்ணுக்கு எட்டுமுன் அவரே பதில் சொல்லிவிடக்கூடும். கருப்பை நோய் போன்ற சங்கதிகளை நோயாளி அவர்முன் சொல்லத் தயங்கவும் கூடும். தொழில்முறை உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்று மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. சாசனத்தின் 9ஆம் உறுப்புரையும் சொல்கிறது. இலங்கை அதை 2016இல் ஏற்று உறுதிசெய்தது.

உரைபெயர்ப்புப் பழக விரும்பும் வட்டுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு, செவிப்புலனற்றோர் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலை எட்டாத தூரமல்ல. அங்கே படித்து வளர்ந்த செவிப்புலனற்றோரைச் சம்பளத்துடன் ஆசிரியர்களாக அமர்த்தி, முதல் மாதங்களில் கொப்பியும் பேனையும் இல்லாமல் பழக விடலாம். கலைச்சொற்களை அவர்களோடு இருந்து பிறகு தொகுத்துக்கொள்ளலாம்.