அம்பாசடர் கதவின் லாக்

உத்தர்பாரா ஆலையில் 2014-ல் உற்பத்தி நின்றும் ஓடிக்கொண்டிருக்கும் அம்பாசடர் கார்களில், ஓங்கி அறைந்தால்தான் சாத்தும் கதவுகள் உண்டு. நல்ல டிங்கர் உடனே லாக்கைக் கழற்றமாட்டார். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். ஆடினால் தேய்ந்தது கீல் ஆணி; கதவு தொங்கிப்போய், லாக் எதிரே உள்ள கொண்டிக்குக் கீழே இடிக்கிறது. ஆணியை மாற்றியபிறகே லாக்குக்கு வருவார். மண்ணெண்ணெயில் கழுவினால் பழைய கிரீஸ் கரைந்து, மழுங்கிய விளிம்பு பளபளவென்று தெரியும். அதில் வெல்டிங் வைத்து உலோகம் ஏற்றி, அரத்தால் ராவி, மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி ராவுவார். புது லாக் வாங்கிப் போடுவதைவிட இந்த வேலையைத்தான் நான் மதிக்கிறேன். அந்தக் கதவுக்கென்றே அமைந்த பொருத்தம் அது. ஸ்பிரிங் மட்டும் புதிது. கடைசியில் கொண்டியின் திருகுகளைத் தளர்த்தி, மயிரிழை நகர்த்தி, இறுக்கிவிடுவார்.