பூனைக்குட்டி நோட்டீஸ்: கண்ணீரும் கணக்கும்

கோவையில் வாட்ஸ்அப் வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த நோட்டீஸ் எப்பவாவது வந்திருக்கும். கண்ணில் பீளை கட்டிய ஒரு பூனைக்குட்டியின் படம். சிவப்பு எழுத்தில் 'அவசரம்'. அதுக்குக் கீழே ஜிபே எண். கடைசியா, 'பணம் முடியாவிட்டால் ஷேர் ஆவது செய்யுங்கள்'. சினிமாவை, நாவலை விமர்சிக்கிற மாதிரி இதையும் ஒரு பிரதியா வெச்சுப் பார்க்கலாம்னு தோணுச்சு. ஏன்னா, பூனைகளை மீட்கும் சின்ன அமைப்புகள் தாக்குப்பிடிப்பதும் இழுத்து மூடுவதும் பெரும்பாலும் இந்த நாலு வரியை நம்பித்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். இந்த வடிவம் வேலை செய்யுது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூணு பேரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கு. பங்கேற்றவர்கள் கையில் 5 டாலர். ரோக்கியா என்ற ஏழு வயது மாலி நாட்டுச் சிறுமியின் படத்தையும் கதையையும் பார்த்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். ஆப்பிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் கொடுத்தது 1.14. சரி, ரெண்டையும் சேர்த்துக் காட்டினால்? 1.43 தான். புள்ளிவிவரம் கூட வந்ததுமே கை சுருங்கிடுச்சு. அதனால நோட்டீஸ் எழுதறவங்க விவரம் தெரியாதவங்க இல்லைங்க. மனுஷ மனசு தெரிஞ்சுதான் ஒரு குட்டியோட முகத்தை முன்னாடி வைக்கறாங்க.

என் புகார் வேற. படம் எதைக் காட்டுது என்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. எதை மறைக்குது என்பதில்தான்.

ஒண்ணு, உழைப்பை மறைக்குது. கண் திறக்காத குட்டிக்கு ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து, பால் புகட்டணும். பசும்பால் கொடுத்தா வயிற்றுப்போக்கு வரலாம். குட்டிகளுக்கான பால்மாவு வேணும். அந்த வயசில் குட்டியால் தானாகச் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது, ஈரப்பஞ்சால் துடைத்துவிடணும். உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கவும் தெரியாது. 'மீட்டாச்சு' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னாடி யாரோ ஒருத்தர் வாரக்கணக்கில் தூங்காமல் இருக்கார். நோட்டீஸில் அவர் இல்லவே இல்லை. அதனாலதான் முகவரி கிடைச்சதும் நம்ம ஆளுங்க அட்டைப்பெட்டியில் நாலு குட்டியைக் கொண்டு போய் வாசலில் வெச்சுட்டு வந்துடறாங்க, புண்ணியம் பண்ணிட்ட நெனப்பில்.

ரெண்டு, தாய்ப்பூனையை மறைக்குது. பூனைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். நாலைந்து மாசக் குட்டியே சினையாகலாம். பால் கொடுத்துக்கிட்டு இருக்கும்போதே தாய் மறுபடி சினையாகலாம். மளிகைக் குடோனில் எலிக்காகப் பூனை வேணும். குட்டி போட்டா மட்டும் சாக்கில் கட்டி, 'மீன் மார்க்கெட் பக்கம் விட்டா பொழச்சுக்குமுங்க' என்பார்கள். பெரும்பாலும் பிழைக்காது. அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருவில் பிறந்த 169 குட்டிகளைக் கவனித்து 2004-ல் வெளியான ஆய்வில், 127 குட்டிகள் ஆறு மாசத்துக்குள் செத்துப்போயின அல்லது காணாமல் போயின. குட்டியை மட்டும் தூக்கிட்டு வந்து தாய்க்குக் கருத்தடை செய்யாமல் விட்டால், அடுத்த நோட்டீஸுக்கான படம் அப்பவே தயாராகிடுது.

மூணாவது, எண் சொல்ல வரும்போது தப்பான எண்ணைச் சொல்லுது. 'ஒரு பெண்பூனையும் அதன் வாரிசுகளும் ஏழு வருஷத்தில் 4,20,000 பூனைகளாகும்' என்ற வரியை நீங்களும் பார்த்திருப்பீங்க. எந்தக் குட்டியும் சாகாது என்று வெச்சுக்கிட்டாத்தான் கணக்கு அந்தப் பக்கமே போகும். வாஷிங்டன் பல்கலைக்கழகக் கணிதத் துறையினர் மதிப்பிட்டபோது வந்தது 100 முதல் 400 வரை. அதுவே போதுமான காரணம் இல்லையா? நல்ல காரியத்துக்கு எதுக்குங்க பொய்க்கணக்கு?

இந்த இடத்தில் சென்னையின் கதை உதவும். புளூ கிராஸ் ஆஃப் இந்தியா 1959-ல் தொடங்கிய அமைப்பு. 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. மாநகராட்சி இந்த வழிக்கு வந்து சேர்ந்தது 1990-களின் நடுவில். நாடு முழுக்க விதியானது 2001-ல். முப்பது வருஷத்துக்கும் மேல, படம் எடுத்தா யாரும் அழாத ஒரு வேலையை ஒரு சின்ன அமைப்பு செஞ்சுக்கிட்டே இருந்தது. பிறகுதான் அது அரசின் கொள்கை. கோவையிலும் 2006 முதல் இயங்கும் ஹியூமேன் அனிமல் சொசைட்டி மாநகராட்சியோடு சேர்ந்து நாய்க் கருத்தடையைச் செய்திருக்கிறது.

அந்த 2001 விதியின் பெயரிலேயே 'நாய்கள்' என்று இருந்தது. 2023-ல் வந்த புதிய விதிகளின் பெயரில் அந்தச் சொல் இல்லை. ஆனாலும் ரேபிஸ் பயம் நாயைச் சுற்றியே இருப்பதால் பேச்சும் பணமும் அங்கேதான் போகுது. பூனை விஷயத்தில் நாம இன்னும் 1964-லதான் நிக்கறோம்னு எனக்குப் படுது. அந்த வேலையைச் செய்ய இருப்பது சின்ன அமைப்புகள் மட்டும்தான்.

பம்ப்செட் கம்பெனியும் மில்லும் நிறைஞ்ச ஊர், சிஎஸ்ஆர் பணம் வராதான்னு கேட்கலாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் விலங்கு நலன் இருக்கத்தான் செய்யுது. ஆனா அந்தப் பணத்தை வாங்கப் பதிவு வேணும், மூணு வருஷ அனுபவம் காட்டணும். வாடகை வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பூனையோடு நடக்கிற அமைப்புக்கு அது எட்டாது. அவங்களுக்கு இருப்பது நம்ம இருநூறு ரூபாய்தான்.

அதனால என் தீர்ப்பு இதுதான்: படம் இருக்கட்டும், முகம் இருக்கட்டும். கூடவே ஒரு வரி சேரணும்: 'இந்தக் குட்டியின் தாய்க்குக் கருத்தடை ஆச்சு' அல்லது 'இன்னும் ஆகலை, அதுக்கு இவ்வளவு செலவு'. இது புள்ளிவிவரம் இல்லை, அதே கதையின் முதல் பாதி. கொடுக்கிறவங்களும் ஒருமுறை ஆயிரம் அனுப்பிட்டு மறந்துபோவதைவிட மாசம் நூறோ இருநூறோ நிற்காமல் அனுப்பலாம். கருத்தடைக்கு வண்டி வேணும், கூண்டு வேணும், அறுவைக்குப் பிறகு சில நாள் தங்க ஒரு ரூம் வேணும். பணம் இல்லாதவங்க ஷேர் செய்வதைவிட அந்த ரூமைக் கொடுத்தா பெரிய உதவி.

காது நுனி லேசா வெட்டப்பட்ட பூனையை உங்க தெருவில் பார்த்தீங்கன்னா, அடிபட்டதுன்னு நினைக்க வேண்டாம். கருத்தடை ஆனதுக்கு அதுதான் அடையாளம். யாரோ தூக்கம் கெட்டு முடிச்சுவெச்ச வேலை அது. அதுக்கு யாரும் நோட்டீஸ் அடிக்கறதில்லை.