இறக்கத்தில் சின்ன கியர்

அந்தக் காலத்து லாரி தொழிற்சாலையிலிருந்து முழு உருவில் வராது. சேஸிஸ், இன்ஜின், முன்பக்கத் தகரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். கண்ணாடியும் கதவும் இல்லாமல், காற்று முகத்தில் அறைய, டிரைவர் அதை நாமக்கல் பட்டறைக்கு ஓட்டி வருவார். கேபினும் பாடியும் அங்கேதான் எழும்பும்.

இன்ஜின் அவருடைய இடது முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு மூடியின் கீழ் கொதிக்கும். கோடையில் அந்த வெக்கை கொடுமை. ஆனால் வண்டியின் நாடி பிடிபட்டதும் அந்த இன்ஜினின் சத்தத்தில்தான். கியரைக் குறைக்க கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும், நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு. சத்தம் கூடிவரும் நொடியில் கியர் உறுத்தாமல் விழும். சேலம்–தருமபுரி சாலையில் தொப்பூர் கணவாயில் இந்த வித்தைதான் உயிர் காத்தது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டினால் மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழும்; அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தேர்ந்த டிரைவர் இறக்கம் தொடங்குமுன்பே சின்ன கியருக்கு வந்துவிடுவார். பிறகு இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இதைவிட அழகான கைத்திறனை நான் அதிகம் பார்த்ததில்லை.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் பெரிய லாரிகளுக்கு யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் இழுவை குறைகிறது. பழுது வந்தால், முன்பு நடுவழியில் ஸ்பேனரோடு வண்டிக்கடியில் படுத்த கைகள் இப்போது கம்ப்யூட்டரோடு ஆள் வரக் காத்திருக்கின்றன. அது எனக்கு வருத்தம்தான். ஆனால் 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்றது அரசு. இன்ஜின் சூட்டில் வெந்த உடம்புகளுக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டும்.